என் புளிக்காய்ச்சல் பார்த்த இங்கிலாந்து

உன் சைக்கிள் பையிலிருந்து இன்னும் என் புளிக்காய்ச்சல் வாசனை வருகிறது. போன சனிக்கிழமை உன் வீட்டுக்காரர் அந்தச் சைக்கிளைக் கார் டிக்கியில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகக் கட்டிக்கொண்டு மான்மவுத் ஜங்ஷன் என்ற உங்கள் ஊரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். "உங்ககிட்டதான் குடுக்கணும்னு சொல்லிட்டுப் போனா" என்று கராஜ் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, காபி கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் தொங்கும் கான்வாஸ் பைகளில் ஒன்றைத் திறந்தேன். நல்லெண்ணெயும் பெருங்காயமும் குப்பென்று வந்தன. ஒரு பாட்டில் மூடியை இறுக்கி மூடத் தெரியாது உனக்கு. எண்ணெய் கசிந்து துணியோடு ஊறிப் போயிருக்கிறது. அழ வேண்டிய நேரம்தான், அழவும் செய்தேன். ஆனால் முதலில் வந்தது பழைய வயிற்றெரிச்சல். நான் கிளறிய புளிக்காய்ச்சல் இங்கிலாந்தைப் பார்த்துவிட்டது. நான் இன்னும் பார்க்கவில்லை.

உனக்குச் சைக்கிள் விடக் கற்றுக்கொடுத்தது நான். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. திருச்சியில் பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரிக்கும் சைக்கிளில் போனவள் நான். நீ மயிலாப்பூரில் ரிக்‌ஷாவும் பஸ்ஸும் தவிர வேறு எதிலும் ஏறாதவள். கல்யாணமாகி அமெரிக்காவில் இந்த ஊருக்கு வந்து ஒரே அபார்ட்மென்ட் காம்ப்ளெக்ஸில் குடியிருந்தோம். இருவருக்கும் கார் ஓட்டத் தெரியாது, வேலைக்குப் போக அனுமதியும் இல்லை. ஆண்கள் ஆபீஸ் போனதும் பார்க்கிங் லாட் காலியாகக் கிடக்கும். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நீ மிதிக்க, சீட்டைப் பிடித்துக்கொண்டு நான் பின்னாலேயே ஓடுவேன். ஒரு நல்ல சில்க் காட்டன் செயினில் சிக்கி நார்நாராகப் போனது. மறுநாள் உன் வீட்டுக்காரரின் பேன்ட்டை மாட்டிக் கணுக்காலுக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு வந்து நின்றாய். அன்றைக்குத்தான் உனக்கு பாலன்ஸ் வந்தது.

ரோட்டுக்கு வந்ததும், எப்போதும் இடது ஓரமாகப் போக வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். வேறு எந்தப் பக்கம் போவதாம்? திருச்சியில் அப்படித்தான் போனேன். எதிரே வந்த கார்களெல்லாம் ஹார்ன் அடித்தன. இந்த ஊரில் பெண்களுக்கு வழி விடத் தெரியவில்லை என்று பேசிக்கொண்டே போனோம். கடைசியில் ஒரு போலீஸ்காரர் காரை நிறுத்தி இறங்கி வந்தார். இந்த நாட்டில் வலது பக்கம் என்று நிதானமாக எடுத்துச் சொன்னார். நீ கொஞ்சமும் யோசிக்காமல், இவள்தான் என் டீச்சர் என்று என்னைக் காட்டிக்கொடுத்தாய். அதற்குப் பிறகும் உனக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. ஞாபகம் எங்காவது போனால் சைக்கிள் இடது பக்கம் ஒதுங்கிவிடும். "வலதுடி, வலது" என்று நான் பின்னாலிருந்து கத்த வேண்டும்.

இங்கிலாந்தில் சைக்கிளில் சுற்றுவது என் யோசனை. அதையும் எழுதி வைக்கிறேன், ஊரில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. பக்கத்து ஹைவே ரூட் ஒன்னில் லாரிகள் போகும் சத்தம் சமையலறை வரைக்கும் கேட்கிறது என்று நான் புலம்பிக்கொண்டிருந்த காலம். லைப்ரரியிலிருந்து ஒரு படப் புத்தகம் எடுத்து வந்தேன். இரண்டு பக்கமும் ஆள் உயர வேலிச்செடி, நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்துக்குப் பாதை, ஒரு வண்டியும் இல்லை. லண்டனில் இருந்த உன் அக்கா மேப் வாங்கி அனுப்பினாள். அந்தக் குளிர்காலம் முழுக்க என் சாப்பாட்டு மேஜையில் அது விரிந்து கிடந்தது. பெயர் அழகாக இருந்த ஊர்களை எல்லாம் நான்தான் பொறுக்கினேன். ஒரு குன்றிலிருந்து இறங்கி ஓடைப் பாலத்தில் போய் முடியும் ஒரு குட்டிச் சாலை இருந்தது. நான் முதலில் விரல் வைத்தது அதில்தான்.

பிறகு வக்கீல் வந்தார். கிரீன் கார்டுக்கு எழுதிப் போட்டிருக்கும்போது நாட்டை விட்டு வெளியே போனால் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றார். உங்களுக்கு முந்தின வருஷமே கார்டு வந்திருந்தது. எனக்காக நீ ஒரு கோடையை விட்டுக்கொடுத்தாய். அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அடுத்த கோடையிலும் என் கார்டு வரவில்லை.

"நான் மட்டும் போயிட்டு வரட்டுமாடி?" என்று கேட்டாய்.

"போயேன். நானா புடிச்சு வெச்சிருக்கேன்?" என்றேன்.

அதோடு விட்டேனா? வழிக்கு வேண்டுமே என்று அடுப்பில் புளியைக் கரைத்து வைத்தேன். கோபத்தில் மிளகாய் கைகொள்ளாமல் விழுந்தது. நாக்கு எரியட்டும் என்றுதான் விட்டேன். திரும்பி வந்து, காரம் பிரமாதம், அந்தக் குளிருக்கு அதுதான் காப்பாற்றியது என்றாய்.

நீ வந்த பிறகு ஸ்லைடு ஷோவும் என் வீட்டு ஹாலில்தான் நடந்தது. எங்கள் சுவர்தான் பெரிது, வெள்ளையாகவும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவரும் பாட்லக் முடிந்ததும் ஜன்னல் திரையை எல்லாம் இழுத்துவிட்டு, நம் ஆட்கள் அத்தனை பேரும் கம்பளத்தில் உட்கார்ந்தார்கள். என் சுவரில் நீ தெரிந்தாய். வேலிச்செடிகளுக்கு நடுவில் நீ. மரக்கதவின் தாழ்ப்பாளைத் திறந்து ஆடுகளுக்கு வழி விடும் நீ. நனைந்த சாக்ஸை ஒரு கிழவியின் கணப்புக்கு முன்னால் காய வைக்கும் நீ. நான் பொறுக்கிய ஊர்கள் ஒவ்வொன்றாக வந்தன. வீட்டுக்காரரை அக்கா வீட்டில் விட்டுவிட்டு ஒரு வாரம் தனியாகவா சுற்றினாய் என்று எல்லாருக்கும் ஆச்சரியம். சாப்பாட்டுக்கு என்ன செய்தாய் என்று ஓர் ஆன்ட்டி கேட்டார். புளிக்காய்ச்சல் கொண்டுபோனேன் என்றாய்.

"மயிலாப்பூர் கைப்பக்குவம்னா சும்மாவா?" என்றார் ஆன்ட்டி.

"நான் பண்ணலை ஆன்ட்டி, இவ பண்ணிக் குடுத்தது."

"பாத்தீங்களா, என்ன நல்ல மனசு. அடுத்தவளுக்குப் பேரைக் குடுக்கறா."

உண்மையைச் சொன்னாலும் உனக்குத்தான் பேர். எங்களைப் போன்ற கிறிஸ்தவ வீட்டில் இவ்வளவு நல்ல புளிக்காய்ச்சல் வராது என்று அந்த ஆன்ட்டிக்கு ஒரு நம்பிக்கை. நான் தயிர்சாதப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். நீ கொடுத்து வைத்தவள், வேறென்ன சொல்ல.

எல்லாரும் போன பிறகு நான் பாத்திரம் தேய்க்க, நீ துடைத்து வைத்தாய். அப்போதுதான் உண்மையான இங்கிலாந்தைச் சொன்னாய்.

"சத்தமே இல்லடி. காலைலேர்ந்து ஒரே ஒரு டிராக்டர். அவனும் ஒதுங்கி நின்னு ஒரு வெரலத் தூக்கிக் காட்டிட்டுப் போறான். மத்தபடி என் செயின் சத்தம்தான் எனக்குக் கேட்டுது."

அடுத்த பாத்திரத்தை எடுத்துத் தேய்த்தேன். அங்கே இடது பக்கம்தான் என்று அடுத்துச் சொன்னாய். "யாரும் எனக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கல. நீ கத்துக்குடுத்தது அங்கதான் சரியா இருந்துது." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நியூ ஜெர்சியில் போலீஸ்காரரிடம் தலைகுனிந்து நின்றது நான். அதே தப்பு இங்கிலாந்தில் உனக்குச் சரியாகப் போயிற்று. என் தப்புக்குக்கூட உன் பக்கம்தான் அதிர்ஷ்டம்.

என் முகத்தைப் பார்த்திருப்பாய். கையைத் துடைத்துக்கொண்டு போய் மேப்பை எடுத்து வந்தாய். குன்றிலிருந்து ஓடைப் பாலத்துக்கு இறங்கும் அந்தச் சாலையைக் காட்டினாய்.

"இதுல மட்டும் நான் போகலை. உனக்குன்னு விட்டு வெச்சிருக்கேன்."

"நெஜமா?"

"சத்தியமா."

அந்தக் குன்று வரைக்கும் போனவள் இறங்காமலா திரும்பியிருப்பாய் என்று பாதி மனசு நம்பவில்லை. மீதிப் பாதி துள்ளியது. அந்த நாடு முழுவதிலும் உனக்குக் கிடைக்காதது ஒன்று, எனக்கென்று மிச்சம் இருந்தது. எப்போதெல்லாம் உன்மேல் வயிறு எரிந்ததோ அப்போதெல்லாம் அந்தச் சாலையை நினைத்துக்கொள்வேன். உடனே கொஞ்சம் ஆறும்.

இந்தக் குளிர்காலத்தில் ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தபோதெல்லாம் நீ கேட்டது ஒன்றுதான், கார்டு வந்துதா என்று. வந்துவிடும் என்பேன். அங்கேயும் நர்ஸ்கள் எல்லாரும் உன்னையே சுற்றிக்கொண்டிருந்தார்கள், அதற்கும் எனக்குப் பொறாமை. நீ போன பிறகுதான் கார்டு தபாலில் வந்தது. கிரீன் கார்டு என்று பெயர், அது பச்சையாகக்கூட இல்லை. கையில் வைத்துக்கொண்டு முதலில் உன் வீட்டு போன் நம்பரைத்தான் சுழற்றினேன். உன் வீட்டுக்காரர் எடுத்தார்.

ஜூனுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. போய்ட்டு வா என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். உன் அக்கா என்னை விமான நிலையத்தில் வந்து கூட்டிப் போகிறாள். உன் சைக்கிளில்தான் போகிறேன். பையைத் துவைக்கவில்லை, துவைக்கவும் மாட்டேன். புளிக்காய்ச்சலுக்கு இந்த முறை மிளகாய் அளவாகத்தான் போட வேண்டும் என்று நினைத்தேன். பிறகு உனக்குப் போட்ட அளவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சாலையில் எனக்கு முன்னால் நீ போகவில்லை என்று சந்தோஷப்பட வேண்டியவள் நான். இத்தனை நாளாகப் பத்திரமாக வைத்திருந்தது அது ஒன்றைத்தானே. ஆனால் இப்போது தினமும் ஜெபமாலை முடிந்ததும் மாதாவிடம் வேறு ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு நீ பாத்திரத் துணியும் கையுமாக நின்று என்னிடம் பொய் சொல்லியிருக்க வேண்டும். சத்தியம் பண்ணிச் சொன்ன பொய் பாவம்தான், அதை அவர் மன்னிக்கட்டும். அந்தச் சாலையிலும் நீ எனக்கு முன்னால் போயிருக்க வேண்டும், இடது ஓரமாக, செயின் சத்தம் கேட்டுக்கொண்டு.