இரண்டாம் பிடி அரிசி

அன்பு மகன் தான்சியாமாவுக்கு, மூங்கில் இரண்டாம் தரம் பூத்து எலி இறங்கிப் போன மறு வருஷம், மலை உச்சியில் செல்போன் கோபுரம் நட்டு, அதே மாதத்துப் புயலில் நம் கோயில் மணிக்கூண்டு சாய்ந்த வருஷம், உன் அப்பா சொல்லி எழுதுவது. நானும் அம்மாவும் கர்த்தர் கிருபையில் எழுந்து நடமாடுகிறோம், பெங்களூரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போனில் பேசலாம்தான், ஆனால் நான் வாயைத் திறந்ததுமே நீ எனக்காக ஜெபம் பண்ண ஆரம்பித்துவிடுகிறாய், ஜெபத்துக்குக் குறுக்கே பேச எனக்குப் பயம். எழுதித் தருவது பக்கத்து வீட்டு ஸிரி, திட்டினால் திட்டாகவே எழுது, மெழுகிப் பூசாதே என்று சொல்லியிருக்கிறேன், சிரித்துக்கொண்டே எழுதுகிறாள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி போகவில்லை. பன்றி நன்றாகப் பெருத்திருக்கிறது, கிறிஸ்துமஸ் விருந்துக்கு ஆகும். ஆரஞ்சு இந்த வருஷம் சிறுத்துப் போனாலும் இனிப்புக்குக் குறைவில்லை. அந்த ஆரஞ்சுத் தோட்டத்தைத்தான் விற்று உங்கள் சபைக்குக் கொடுக்க வேண்டும் என்று காகிதம் அனுப்பி என் கைநாட்டைக் கேட்டிருக்கிறாய். வேலையை விட்டுவிட்டாயாம், சம்பளம் வாங்குகிறவன் கர்த்தரை நம்பாதவனாம், பையில் நாளைக்கு என்று எதையும் வைத்திருக்கக் கூடாதாம், பத்தில் ஒன்று கொடுத்து மீதியை வைத்துக்கொள்கிற உன் அப்பனுக்கு அரை விசுவாசமாம். சரி. அரை விசுவாசக்காரன் சொல்வதையும் ஒரு தரம் கேள். இதை உனக்குச் சொல்வதில்லை என்று உன் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன், காகிதத்தைப் படித்துக் கேட்டதும் அவளே சொல்லிவிடு என்றாள்.

மூங்கில் முதல் தரம் பூத்தது எனக்கு மீசை அரும்புகிற வயதில். மூங்கில் அரிசியைத் தின்று பெருகிய எலி ஆற்று வெள்ளம் மாதிரி வந்தது, ராத்திரி படுக்கும்போது நின்ற நெல் காலையில் இல்லை. அப்போது நம் ஊர்க் கோயிலில் முரசு அடிக்கிறவர் லியான்ஸுவாலா. கையும் வாயும் சுத்தமான மனுஷன், யார் வீட்டில் சாவு என்றாலும் குழி வெட்ட முதலில் இறங்குவார். உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்கு எடுத்து வைப்பது அன்றைக்கும் எல்லா வீட்டிலும் உண்டு, அந்தப் பஞ்சத்திலும் பெண்கள் அதை விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை லியான்ஸுவாலா எழுந்து நின்று, தேவனை வாசல்ல நிக்க வச்சுப் பிச்சைக்காரனுக்குப் போடுற மாதிரி ஒரு பிடி போடுறோமே, வெக்கமா இல்லையா, பானையவே கொடுங்க, அவர் நம்மளப் பாத்துக்குவார் என்றார். சொன்னதோடு நிற்கவில்லை, தன் வீட்டு நெல்லை விதைநெல்லோடு சேர்த்துச் சுமந்துகொண்டுபோய் ஊர்க்கோடித் தகரக் கூடத்தில் கொட்டினார். சில குடும்பங்கள் அழுதுகொண்டே பின்னால் போய்த் தாங்களும் கொட்டின. ஒரே பானையில் பொங்கி, ஒன்றாகத் தின்று, பாட்டும் முரசுமாக அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

காட்டை எரித்து விதைக்கிற காலம் வந்தது. எலி விட்டுவைத்த கொஞ்ச நஞ்சத்தை நாங்கள் விதைத்தோம். கூடத்துக்காரர்கள் விதைக்கவில்லை, விதைப்பது சந்தேகப்படுவதாம். ஸாஹூதா கிழவர் கூடத்து வாசலில் போய் நின்று, டேய் லியான்ஸுவாலா, எலிகூட ஒரு மூலையில ஒளிச்சு வச்சுட்டுத்தான்டா திங்குது என்றார். லியான்ஸுவாலா கோபப்படவில்லை. எலிக்குப் பரலோகம் இல்லையே மாமா என்றார். கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள், வாசலில் நின்ற நாங்களும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் கிடக்கிறது.

பிறகு நான் அரசாங்க அரிசி சுமக்கப் போய்விட்டேன். ஆற்றங்கரைவரை படகில் வரும், அங்கிருந்து முதுகில் ஏற்றி மலைமேல் கொண்டுவர வேண்டும், மழை பிடித்துவிட்டதால் வழுக்கி வழுக்கி வந்து சேரத் தாமதமாகிவிட்டது. ஊருக்கு வந்தால் முரசுச் சத்தம் இல்லை. கூடத்துக்காரர்களில் சிலர் காட்டுக் கிழங்கு தேடிப் போன இடத்திலேயே செத்துக் கிடந்தார்கள், மற்றவர்கள் கூடத்தில். ஊர்க்காரர்கள் கொண்டுபோன கஞ்சியை, தேவன் கொடுப்பார், நீங்க எடுத்துட்டுப் போங்க என்று திருப்பி அனுப்பினார்களாம். பிள்ளைகளின் பங்கையுமடா. லியான்ஸுவாலா முரசுமேல் தலையை வைத்துப் போயிருந்தார். அவர் வீட்டைத் தேடிப் பார்த்தோம், ஒரு மணி நெல் ஒளித்து வைத்திருக்கவில்லை. திருடனாக இருந்திருந்தால் திட்டியாவது என் மனசு ஆறியிருக்கும். இத்தனை வருஷமாகத் திட்ட ஆளில்லாமல் கசந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன், கோயிலில் உட்காரும்போதும் அந்தக் கசப்போடுதான் உட்காருகிறேன், அது கர்த்தருக்குத் தெரியும்.

பெரியவர்களில் அவர் மனைவிக்கு மட்டும் மூச்சு இருந்தது. பொதுப்பானைக்கு அரிசி போடுகிற வேலை அவளுடையது. பிறந்ததுமுதல் பார்த்த பழக்கம், ஒரு பிடி எடுத்து வைக்காமல் அவள் கை உலையில் அரிசி போடாது. எல்லாமே தேவனுடையது என்று ஆன பிறகும் அவள் கை தினமும் ஒரு பிடி எடுத்தது, புருஷனுக்குத் தெரியாமல் சால்வை முனையில் முடிந்து வைத்தது. முடிச்சை அவிழ்த்து அவ்வப்போது பச்சை அரிசியாகவே தன் சின்ன மகளுக்கு மெல்லக் கொடுத்திருக்கிறாள், தான் ஒரு மணி தொடவில்லை. மிச்சத்தை என் கையில் வைத்து, தம்பி, இது தேவனோட பங்கு, நான் திருடிட்டேன், பிள்ளைக்குக் கஞ்சி வச்சுக் குடு, என்னை மன்னிக்கச் சொல்லி நீ கேளு என்றாள். திருடி என்ற நினைப்போடுதான் கண்ணை மூடினாள். அந்தக் கூடத்தில் தேவன் சொன்னதைக் கேட்டது அவள் ஒருத்திதான் என்று அவளிடம் சொல்ல ஆள் இல்லை, எனக்கும் அன்றைக்கு வாய் வரவில்லை.

சின்ன வயதில் நீ கேட்பாயே, அம்மா ஏன் இரண்டு பிடி எடுத்து வைக்கிறாள், ஒன்று கோயிலுக்கு, தகர டப்பாவில் போடுகிற இன்னொன்று யாருக்கு என்று. அவள் டப்பாவை மூடிவிடுவாள், நீ கேலி பண்ணுவாய். இப்போது உனக்குப் பதில் தெரியும். அந்த இரண்டாம் பிடியில் மிச்சம் பிடித்துத்தான் அவள் ஆரஞ்சுக் கன்று வாங்கி நட்டாள். உன் தாத்தா காய்ச்சலில் போனார் என்று சொல்லித்தான் உன்னை வளர்த்தோம், அவர் பேரையே இந்த வீட்டில் எடுத்ததில்லை.

காகிதத்தை வந்தபடியே திருப்பி அனுப்புகிறேன், அதில் என் விரல் படாது. உன் போதகர் நல்லவராகவே இருக்கட்டும், எனக்குப் பயமே அதுதான். மறுபடி வேலை கிடைக்காவிட்டால் வீட்டுக்கு வா, சோறு இருக்கிறது. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. குளிருக்குக் கம்பளி போட்டுக்கொள். சமைக்கும்போது ஒரு பிடி எடுத்து வை, எடுத்த பிறகு மீதியை உட்கார்ந்து சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அப்பா ஹ்ராங்கீமா, கூடவே
அந்தத் தகரக் கூடத்தில் உட்கார்ந்தவர்களில் இன்றைக்கு உயிரோடு இருக்கும் ஒரே ஆள், லியான்ஸுவாலாவின் மகள், உன் அம்மா தார்குங்கி.