பேட்டரிமேல் தப்பில்லை, அப்பா

அப்பா,

இன்று காலை உன் மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். கருகிய பிளாஸ்டிக் நாற்றம் முகத்தில் அடித்தது. கூடவே உன் குரலும் கேட்டது. "தொடாத! உன் கை பட்டாலே பேஜாருதான்." நீ செத்துப்போய் ஒரு மழைக்காலமே கடந்துவிட்டது. இருந்தும் என் கை ஒரு கணம் பின்வாங்கியது. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். உன்னை நினைத்து உருகி எழுதவில்லை.

உன் சாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் நீ தங்கமான மனுஷன் என்றார்கள். கல்பாக்கத்தில் வேலைக்குப் போகிறவர்களைப் பஸ்ஸில் ஏற்றி இறக்கிய இத்தனை வருடத்தில் ஒருவரிடமும் நீ முகம் சுளித்ததில்லையாம். உண்மையாகத்தான் இருக்கும். சுளிக்க வேண்டிய முகத்தையெல்லாம் பத்திரமாகச் சதுரங்கப்பட்டினத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாய் அல்லவா?

நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் படித்துக்கொண்டிருந்தபோதுதான் வண்டிக்கு அந்த நோய் வந்தது. காலையில் பட்டனை அழுத்தினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும் வரும். ஹாரன் தொண்டை கட்டியதுபோல் முனகும். "எவ லைட்ட போட்டு உட்டது?" என்று நீ வாசலில் நின்று கத்துவாய். நீ வண்டியைத் தொடவே விடாத என்மேல்தான் அந்தப் பழியும் விழும். புது பேட்டரி வாங்கி மாட்டுவாய். சில வாரம் ஓடும், மறுபடி படுத்துவிடும். பேட்டரி விற்றவனைத் திட்டுவாய். அவனைத் திட்டி முடித்ததும் என்னிடம் வருவாய்.

ஒருநாள் மதியம் நீ தூங்கும்போது என் மீட்டரை வைத்துப் பார்த்தேன். வண்டியை ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரைக் கூட்டினால் பேட்டரியின் வோல்டேஜ் பதினான்குவரை ஏற வேண்டும். ஏறவில்லை. இருந்ததும் இறங்கிக்கொண்டே வந்தது. சத்தம் கேட்டு நீ எழுந்து வந்தாய்.

"பேட்டரிமேல தப்பு இல்லப்பா. வண்டி ஓடும்போது அதுக்கு கரண்டே வரல. நடுவுல எங்கியோ கட் ஆவுது" என்றேன்.

"இன்னா, எனக்கே கிளாஸ் எடுக்கிறியா? நீ பொறக்கறதுக்கு முன்னாடியே வண்டி ஓட்டினவன் நானு."

அதோடு பேச்சு முடிந்தது. மறுபடி ஒரு புது பேட்டரி வந்தது.

படிப்பு முடிந்து, படூரில் எனக்கு ஒரு வேலைக்கான இன்டர்வியூ இருந்த நாளை நீ மறந்தே போயிருப்பாய். பஸ்ஸில் போகிறேன் என்றேன். "நான் வுடறேன், ஏறு" என்றாய். பூஞ்சேரி கூட்டு ரோட்டைத் தாண்டியதும் இண்டிகேட்டர் செத்தது. கொஞ்ச தூரத்தில் வண்டி இருமிவிட்டு நின்றது. நீ உதைத்தாய், மறுபடி உதைத்தாய். பிறகு என் பக்கம் திரும்பினாய்.

"அன்னிக்கு நோண்டின இல்ல? இன்னா பண்ண, சொல்லு!"

ரோட்டோரம் இளநீர் விற்ற அம்மா வெட்டுகிற கத்தியை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள். இன்டர்வியூவுக்காக இஸ்திரி போட்ட சுடிதாரோடு மண்ணில் மண்டியிட்டேன். சீட்டைக் கழற்றி, பையிலிருந்த மீட்டரை பேட்டரியில் வைத்து உனக்குக் காட்டினேன். "பாருப்பா, புது பேட்டரி. அதுக்குள்ள சுத்தமா எறங்கிடுச்சு. சார்ஜ் ஏறவே இல்ல."

மீட்டர் காட்டிய எண்ணை நீ பார்க்கவில்லை. மீட்டரைப் பிடுங்கி எதிரே இருந்த குட்டையில் வீசினாய்.

"இன்னா அண்ணாத்த, பொண்ணு சரியாத்தான சொல்லுது?" என்றாள் இளநீர்க்காரம்மா.

"நீ உன் வேலையப் பாரு."

பின்னால் வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறினேன். நீ கூப்பிடவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தபோது வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தாய். பாவமாக இருந்தது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் எனக்குப் பாவமாக இல்லை. போய்ச் சேர்ந்தபோது என் பெயரைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். முழங்காலில் மண்ணோடு நின்றவளிடம், மெயில் அனுப்புகிறோம் என்றார்கள். மெயில் வரவே இல்லை. வீடு திரும்பியதும் நீ அம்மாவிடம், "ரோட்டுல என் மானத்த வாங்கிட்டா" என்றாய். வேலை என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. சாகும்வரை கேட்கவில்லை.

இப்போது நான் செங்கல்பட்டில், வீடு வீடாகப் போய் இன்வெர்ட்டரும் பேட்டரியும் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். போன வாரம் அம்மா, "வண்டிய நீ எடுத்துக்கோ, இல்லனா பழைய இரும்புக்குப் போட்டுடறேன்" என்றாள். அதனால்தான் இன்று வந்தேன். இரவல் பேட்டரி ஒன்றைப் போட்டு வண்டியைக் கிளப்பினேன். இன்ஜினிலிருந்து வரும் மூன்று மஞ்சள் ஒயரிலும் கரண்ட் ஒழுங்காக வந்தது. அந்த ஒயர்களைப் பிடித்துக்கொண்டே போனேன். பேட்டரிக்கு அளந்து அனுப்பும் ரெகுலேட்டருக்கு முன்னால், ஒயர்களை இணைக்கும் ஒரு கப்ளர் இருந்தது. உப்புக்காற்றில் பச்சை பூத்து, உள்ளே இரண்டு பின் உருகிப் போயிருந்தன. தீப்பெட்டியில் பாதி இருக்காது அது. இதைத்தான் நீ கடைசிவரை பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவிடவில்லை.

அதை வெட்டி எறிந்துவிட்டுப் புதிது போட்டேன். வண்டியைக் கிளப்பியதும் வோல்டேஜ் பதினான்கைத் தொட்டு அங்கேயே நின்றது.

கதவோரம் நின்றிருந்த அம்மா, "ஆயிடுச்சா?" என்றாள். "அவரு இருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு."

"பட்டிருக்க மாட்டாரும்மா. கத்தியிருப்பாரு."

வழக்கமாக இந்த இடத்தில் உனக்குப் பரிந்து பேசுவாள். இன்று வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஆமா. கத்திதான் இருப்பாரு" என்றாள். எனக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

நீ எனக்கு விட்டுப்போனது வண்டி மட்டுமல்ல. எந்த வீட்டில் கோளாறைக் கண்டுபிடித்துச் சொன்னாலும், சொல்லி முடித்ததும் என் தோள் இரண்டும் தானாக இறுகிக்கொள்ளும். எதிரில் இருப்பவர் கத்தப்போகிறார் என்று காத்திருப்பேன். இத்தனை நாளில் ஒருவரும் கத்தியதில்லை. பெரும்பாலும் உன் வயது ஆண்கள். நான் சொல்வதைக் கேட்டுவிட்டு, "சரிம்மா" என்பார்கள்.

அவ்வளவுதான் அப்பா. ஒரே ஒரு சொல்.