புறவழிச்சாலை வரும்வரை

4-3-2013

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெண்டாட்டிக்குக் கடிதம் எழுதுகிறவன் உலகத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். போனில் பேசினால் உன் பக்கம் ஒரு லாரி, என் பக்கம் ஒரு லாரி. "என்ன? என்ன?" என்று கத்தியே நேற்றும் சண்டையாகிவிட்டது. அதனால் பால்காரம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பட்ஜெட் வந்துவிட்டது. பத்து ஊர்களுக்குப் புறவழிச்சாலை போட நிதி ஒதுக்கியிருக்கிறார்கள். நம் ஊருக்கு ஆய்வு செய்ய மட்டும். நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளரைப் போய்ப் பார்த்தேன். "ஆய்வுக்குப் பணம் வந்தாச்சுன்னா ரோடு வந்த மாதிரிதான் சார்" என்றார். போன வருஷமும் இதையேதான் சொன்னார்.

லாரி இடித்து நம் வாசல் மதில்சுவர் சரிந்த அன்று, "புறவழிச்சாலை வரட்டும், நானும் வர்றேன்" என்று தையல் மெஷினோடு கிளம்பிப் போனாய். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த வயசில் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குகிறேன். தூசிக்குப் பயந்து ஜன்னலைத் திறப்பதே இல்லை. பகலிலும் லைட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

சனிக்கிழமை உண்ணாவிரதம். பேனர் ஒன்று தைத்துக் கொடு. ஓரத்தை மடித்துத் தை, போன தடவை பிசிறு தெரிந்தது.

உன் கணவன்,
செயலாளர், புறவழிச்சாலைக் கோரிக்கைக் குழு


6-3-2013

என்னங்க,

பேனர் அனுப்பியிருக்கிறேன். ஓரத்தை இரண்டு தடவை மடித்திருக்கிறேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். உண்ணாவிரதம் என்று சொல்லிக்கொண்டு மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். மருந்துக்கடைக்கு மேலே இருப்பதால் லாரி மாடி ஏறி வராது. கட்டிலையும் மெஷினையும் போட்டபிறகு அறையில் நடக்க இடமில்லை. ஆனால் கத்தரிக்கோலை வைத்த இடத்தில் கத்தரிக்கோல் இருக்கிறது.

இப்படிக்கு,
எதிர்வீட்டுக்காரி


21-2-2014

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

வந்துவிட்டது. இந்தத் தடவை ஆய்வு கீய்வு எதுவும் இல்லை, முழு நிதியும் ஒதுக்கிவிட்டார்கள். நம் குழுவில் இருக்கிற சலூன்காரர் சந்தோஷத்தில் என்னைத் தூக்கிச் சுற்றினார், இடுப்பு பிடித்துக்கொண்டது.

மதில்சுவரைக் கட்டி முடித்துவிட்டேன். உன் மெஷினுக்கு ஜன்னலோரம் சரிப்படாது, வெயில் அடிக்கும். உள்ளறையில் இடம் ஒதுக்கியிருக்கிறேன். எதிர்வீட்டுக்காரி என்று இனிமேல் கையெழுத்துப் போடாதே, மனசுக்குச் சங்கடமாக இருக்கிறது.

உன் கணவன்


25-2-2014

என்னங்க,

உங்கள் அலைச்சலுக்குப் பலன் கிடைத்ததில் சந்தோஷம். ஆனால் இன்னும் நிலம் எடுக்க வேண்டும், டெண்டர் விட வேண்டும், பாலம் கட்ட வேண்டும். அரசாங்க வேலை. எனக்காக அவசரப்பட்டு எதுவும் செய்யாதீர்கள்.

இடுப்புக்குத் தைலம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். நேற்று ஒரு சட்டைக்குக் கையை இடம் மாற்றித் தைத்துவிட்டேன். எனக்கு இப்படி ஆனதே இல்லை.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


8-9-2016

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

திங்கட்கிழமை காலை திறப்பு விழா. லாரியெல்லாம் புதுச்சாலைக்குத் திரும்பிவிடும். விழா முடிந்ததும் நம் வாசலில் வந்து நிற்பேன். நீ ரோட்டைத் தாண்ட வேண்டியதுதான் பாக்கி. மெஷினைத் தூக்க இரண்டு பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

உன் கணவன்


10-9-2016

என்னங்க,

அந்த ஆட்களை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நான் வரவில்லை.

யார் கேட்டாலும் லாரியைச் சொல்லித்தான் இத்தனை வருஷம் தப்பித்தேன். ஒவ்வொரு பட்ஜெட்டுக்கும் நம் ஊர் பேர் வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். அதே கையால் உங்களுக்குப் பேனரும் தைத்துக் கொடுத்தேன். நிதி வந்த நாளிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. இனிமேல் சொல்வதற்கு லாரியும் இல்லை.

நீங்கள் கெட்டவர் இல்லை. ஒருநாள்கூட என்மேல் கை ஓங்கியதில்லை. ஆனால் வீட்டிலும் நீங்கள் செயலாளராகத்தான் இருந்தீர்கள், நான் கையெழுத்துப் போடுகிற உறுப்பினர். என் மெஷின் எந்த அறையில் இருக்க வேண்டும் என்றுகூட என்னைக் கேட்காமலே தீர்மானம் போட்டுவிட்டீர்கள். அங்கே எனக்கு மூச்சு முட்டுகிறது.

கோபித்துக்கொள்ளுங்கள். மாத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
நான்


13-9-2016

அன்புள்ள உனக்கு,

மேடையில் என்னைக் கூப்பிட்டார்களாம். நான் விழாவுக்குப் போகவில்லை. ஆட்களையும் திருப்பி அனுப்பிவிட்டேன்.

லாரி நின்றதும் ரோடு வெறிச்சென்று ஆகிவிட்டது. சும்மா உட்கார முடியாமல் முன்ஜன்னலைத் திறக்கப் போனேன். துருப்பிடித்துக் கிடந்தது, சுத்தியலால் தட்டித்தான் திறந்தேன். முதலில் உன் மெஷின் சத்தம் கேட்டது. அப்புறம் நீ பாடுவது கேட்டது.

அத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். நீ பாடுவாய் என்று எனக்குத் தெரியாது. நடுவில் ஒரு வரியை மாற்றிப் பாடினாய். திருத்துவதற்கு வாயைத் திறந்தேன். அப்படியே மூடிக்கொண்டேன்.

மெஷின் அங்கேயே இருக்கட்டும். எனக்குக் கேட்டுவிடுமே என்று நீ ஜன்னலைச் சாத்திவிடாதே. வேண்டுமானால் நான் என் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
எதிர்வீட்டுக்காரன்