அம்மா உன்னிடம் வந்த மதியம்

அன்புள்ள தங்கைக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். பேப்பரில் வந்த போட்டோவில் கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கிறது. நான் கேட்கப்போவதைப் போனில் கேட்டால் நீ சிரித்து மழுப்பிவிடுவாய், நானும் கோபத்தில் வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம்.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. புத்தகக் கடையில் இருக்கிற ஒரே ஹீட்டரையும் முதலாளி தன் காலடியில் வைத்துக்கொள்கிறார். குளிர் வந்தால் ஜனங்களுக்குப் போர்வைக்குள் உட்கார்ந்து பயப்பட ஆசை வந்துவிடுமாம். வழக்கம்போல வாசலுக்கு நேரே இருக்கும் மேஜையில் கறுப்புத் துணி விரித்து, புதிதாக வந்த பேய்க்கதைகளை அடுக்கச் சொன்னார். 'குளிருக்குப் புதிய பயம்' என்று அட்டை எழுதி வைத்தது நான்தான். இல்லாத மாடியில் போய் நிற்கும் லிஃப்ட், காலி ஹாஸ்டலில் தினமும் பெயர் கூப்பிடும் வார்டன் என்று ஏழெட்டுப் புத்தகம். கடைசிப் பெட்டியைப் பிரித்தால் உன் பெயர்.

மறைக்காமல் சொல்கிறேன், வயிறு எரிந்தது. பதினோரு வருஷமாகப் புத்தகங்களுக்குத் தூசி தட்டுகிறவள் நான், புத்தகம் போட்டவள் நீ. முதலாளி, "உங்க தங்கச்சியாம்மா? சொல்லவே இல்லையே!" என்று அட்டையைத் தடவித் தடவிப் பார்த்தார். அவர் அந்தப் பக்கம் போனதும் இரண்டே பிரதியை மட்டும் லிஃப்ட் புத்தகத்துக்குப் பின்னால் சொருகிவிட்டு, மீதியை அட்லஸ் அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டேன். பயமாக இருக்குமா என்று கேட்ட கண் டாக்டரம்மாவிடம், சுமார்தான் என்றுகூடச் சொன்னேன். அவர் கேட்கவில்லை, வாங்கிப் போனார். மூன்றாம் நாள் திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த மூணாவது கதைய படிச்சிட்டுத்தாங்க எங்கம்மாவுக்காக முதல் தடவையா அழுதேன்" என்றார். அதற்குப் பிறகுதான், கடையில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து, நின்றபடியே அதைப் படித்தேன்.

சளி பிடித்து அரை நாள் லீவில் அறைக்குத் திரும்புகிற பெண். பட்டப்பகல் மூன்று மணி. கட்டில் ஓரத்தில் செத்துப்போன அம்மா உட்கார்ந்திருக்கிறாள். இடது காலை இழுத்து இழுத்து நடந்து வந்து, மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். "நகம் வெட்டறப்ப ரத்தம் வந்துச்சுன்னு அன்னைக்கு ஏன் அப்படி அழுதே, சுண்டு? எனக்கு வலிக்கவே இல்லடி" என்கிறாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் எப்போது இவளுக்கு நகம் வெட்டினேன் என்று குழம்பி நிற்கிறாள். கதை அங்கேயே முடிகிறது. எல்லாம் கற்பனைதான் என்று பேப்பரில் சொல்லியிருக்கிறாய்.

நகம் வெட்டியது நான்.

உனக்குச் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. பக்கவாதம் வந்த பிறகு அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. உன் செல்லப் பெயரைச் சொல்லி, என்னைச் சுண்டு என்றுதான் கூப்பிட்டாள். முதல் வாரமெல்லாம், "சுண்டு இல்லம்மா, பெரியவ" என்று திருத்திக்கொண்டிருந்தேன். முகம் அப்படியே வாடிவிடும். சுண்டு எங்கே, எப்போது வருவாள் என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அப்புறம், "ஆமாம்மா, சுண்டுதான்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். ஏழு மாசம் நான் நீயாக இருந்தேன். கூடவே இருக்கிற மகளை மறந்துவிட்டு, தூரத்தில் இருப்பவளை ஞாபகம் வைத்திருக்கிறாள் என்று எந்த வாயால் உன்னிடம் சொல்வேன்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேப்பரை விரித்து அவள் கால் நகத்தை வெட்டும்போது கட்டைவிரலில் ஆழமாகப் பட்டுவிட்டது. ரத்தம். அவள் சத்தமே போடவில்லை, என்னையே பார்த்தாள். நான் அந்தக் காலைக் கட்டிக்கொண்டு கதறிவிட்டேன். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். யாரிடமும் நான் சொன்னதில்லை. அவள் கால் இழுத்து நடந்ததைக்கூட நீ பார்த்ததில்லை. நீ வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எவ்வளவு வலித்திருக்குமோ என்று ஒரு வருஷமாக நான் வெந்துகொண்டிருந்தேன்.

ஆகவே அது கற்பனை இல்லை. அம்மா வந்திருக்கிறாள். எனக்கு ஆறுதல் சொல்லத்தான் கிளம்பியிருக்கிறாள். பெயரைப் பிடித்துக்கொண்டு உன் அறையைத் தேடிப் போய்விட்டாள்.

வலிக்கவில்லை என்று தெரிந்ததில் நிம்மதிதான். ஆனால் எனக்குப் பொறாமை, தங்கச்சி. புத்தகத்துக்காக இல்லை. அவள் படுத்திருந்த அறையின் கதவை ஒரு நாளும் சாத்தாமல் வைத்திருக்கிறேன். இங்கே ஒரு திரைகூட அசையவில்லை. பேய்க்குப் பயப்படுகிற உன் நெற்றியை அவள் தொட்டுப் பார்க்கிறாள்.

ஒளித்து வைத்த பிரதிகளை, கதையைப் படித்த மறுநாளே எடுத்து முன்வரிசையில் வைத்துவிட்டேன். எல்லாம் தீர்ந்துவிட்டன, முதலாளி இன்னும் வரவழைக்கச் சொல்லியிருக்கிறார். அதற்காக என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

கதையில் எழுதாமல் விட்டதையெல்லாம் எனக்கு எழுது. தலை வாரியிருந்தாளா? மூச்சு வாங்கியதா? கை சூடாக இருந்ததா? அம்மா திரும்ப வந்தால், நகம் வெட்டியது நான் இல்லை, அக்கா என்று மட்டும் சொல்லிவிடாதே. அவளால் தாங்க முடியாது.

இன்னும் ஒன்று. நாலு நாள் லீவு போட்டுவிட்டு இங்கே வந்து தங்கு. உன்னைத் தேடிக்கொண்டு அவள் இந்த வீட்டுக்கும் வருவாள். நீ அவளோடு பேசிக்கொண்டிரு. நான் சமையலறைப் பக்கமாக நின்றுகொள்கிறேன். குறுக்கே பேச மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நிறைய எழுது, நன்றாக இரு. சீக்கிரம் வா.

இப்படிக்கு,
உன் அக்கா