பிரிவு எண் இல்லாத மரணம்

இன்று காலை மருத்துவமனைப் பிணவறை வாசலில், புதிதாக வந்திருக்கும் பெண் காவலர் கைக்குட்டையில் நீலகிரித் தைலத்தைச் சொட்டி என்னிடம் நீட்டினாள். மூக்கருகே கொண்டுபோன கணத்தில் நீ நினைவில் வந்துவிட்டாய். உன் சீருடைச் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்னப் புட்டி இருக்கும். "எனக்கு இந்த நாத்தமெல்லாம் பழகிடுச்சுடி, உனக்காகத்தான் வாங்கி வச்சிருக்கேன்" என்பாய். கைக்குட்டையைத் திருப்பிக் கொடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

உள்ளே கிடந்தவர் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி லாரி ஓட்டிய இளைஞர். தங்கியிருந்த அறையில் தூங்கப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. உடம்பில் காயமில்லை, காரணமும் தெரியவில்லை. அதனால் சந்தேக மரணம் என்று பதிந்திருந்தோம். வெளியே மரத்தடியில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

நீயும் நானும் ஒரே நாளில் பணியில் சேர்ந்தவர்கள். பயிற்சியில் சாவுகளை வகை பிரிக்கச் சொல்லிக் கொடுத்தபோது நான் மனப்பாடம் செய்தேன். கொலை, கொலைக் குற்றமாகாத மரணம், கவனக்குறைவால் நேர்ந்த மரணம், தற்கொலைக்குத் தூண்டுதல், வரதட்சணை மரணம் என்று ஒவ்வொன்றும் ஒரு பிரிவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். நீ மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டு, "இதுல எதுன்னு அந்த வீட்டுக்காரங்ககிட்ட யாருடி போய்ச் சொல்றது?" என்று கேட்டாய். அந்த வேலை கடைசியில் உன்னிடமே வந்து சேர்ந்தது.

கோட்டுச்சேரிமேட்டில் அந்த மீனவர் இறந்துகிடந்த காலை நினைவிருக்கிறதா? கரையில் ஏற்றி வைத்திருந்த படகுக்குப் பக்கத்தில் கிடந்தார். குடித்துவிட்டுத் தடுக்கி விழுந்திருப்பார் என்றார்கள் ஊரில். நாமும் சந்தேக மரணம் என்றுதான் பதிந்தோம். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர், பின்மண்டையில் பலமான அடி இருப்பதாகவும், நெஞ்சில் யாரோ வேகமாகத் தள்ளியதுபோலக் கன்றியிருப்பதாகவும் சொன்னார். இன்ஸ்பெக்டர் நம் இருவரையும் அந்த வீட்டுக்கு அனுப்பினார்.

இறந்தவருடைய அம்மா வாசலில் மணலில் உட்கார்ந்திருந்தார். நான் நின்றுகொண்டே கேட்க ஆரம்பித்தேன். நீ தொப்பியைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாய். அவர் தோளில் கை வைத்தாய். பிறகு, "உங்க சின்ன மகன் எங்கம்மா?" என்றாய்.

"உள்ளதான் இருக்கான். பச்சத் தண்ணி குடிக்கல" என்றவர், சட்டென்று உன் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒருத்தன் போயிட்டான். இன்னொருத்தனையும் நீங்க கொண்டு போயிடுவீங்களாம்மா?"

அவர் சொல்லி முடிப்பதற்குள் தம்பி தானே வெளியே வந்தான். படகு வலை விஷயமாக இருவருக்கும் வாய்த்தகராறு. அண்ணன் கை ஓங்கியிருக்கிறார், இவன் தள்ளியிருக்கிறான். படகு விளிம்பில் தலை மோதியிருக்கிறது. "எழுப்புனேன் மேடம். எழுந்திரிக்கல" என்று சொல்லிவிட்டு நம் முன்னால் அப்படியே மடங்கி உட்கார்ந்தான்.

ஊர்ப் பெரியவர்கள் விபத்து என்றே முடித்துவிடச் சொன்னார்கள். இறந்தவரின் மனைவியோ, "கொலைன்னு எழுதுங்க, அவன் தூக்குல தொங்கணும்" என்று அலறினாள். இரண்டு பேரிடமும் நீ ஒரே பதிலைத்தான் சொன்னாய்: "கொல்லணும்னு அவன் நெனைக்கல. ஆனா அவன் கையாலதான் உசுரு போச்சு. நடந்ததத்தான் எழுதுவோம்." வழக்கைக் கொலைக் குற்றமாகாத மரணம் என்று மாற்றினார் இன்ஸ்பெக்டர். நீதிமன்றமும் அப்படியே ஏற்றுக்கொண்டது. தண்டனை முடிந்து வந்த தம்பி அண்ணன் பிள்ளைகளைப் படிக்கவைத்தான். அண்ணி அவனோடு பேச வருஷக்கணக்கில் ஆனது. ஆனால் பேசினாள்.

உன் அடக்கத்துக்கு அந்த மீனவரின் அம்மா வந்திருந்தார், தெரியுமா? கல்லறைத் தோட்டத்து மண்ணைக் கையில் அள்ளிக்கொண்டு, போடாமல் நின்றுகொண்டிருந்தார்.

நீ போன காலையைப் பற்றி உன்னிடம் நான் இதுவரை சொன்னதில்லை. உன் கணவர் போன் செய்தபோது பணிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சீருடையோடு ஓடி வந்தேன். டீ போட அடுப்பைப் பற்ற வைத்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டதாகச் சொன்னார். உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். நான் அழவில்லை. என் கண்கள் தாமாக உன் கழுத்தைப் பார்த்தன, நகங்களைப் பார்த்தன, உதட்டின் நிறத்தைப் பார்த்தன. "என்னம்மா பாக்குறே?" என்று உன் கணவர் கேட்டார். "ஒண்ணுமில்லண்ணே" என்றேன்.

ஏதாவது இருக்காதா என்று தேடினேன். யாராவது செய்திருந்தால் அவனைப் பிடிக்கலாம், விசாரிக்கலாம், கூண்டில் நிறுத்தலாம். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதானே. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இயற்கை மரணம் என்று எழுதிக் கொடுத்தார். அந்த வகைச் சாவில் நமக்குச் செய்ய எதுவுமில்லை. வழக்கில்லை, பிரிவு எண் இல்லை, குற்றவாளி இல்லை. நான் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உன் அடுக்களையில் போய் நின்றேன். டீக்குத் தண்ணீர் வைத்த பாத்திரம் அடுப்பிலேயே இருந்தது. அன்றிலிருந்து உன்னைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. ஸ்டேஷனில் பேச்சு உன் பக்கம் திரும்பினால் எழுந்து வெளியே போய்விடுவேன்.

இன்று மதியம் பரிசோதனை முடிந்தது. லாரி ஓட்டுநருக்கும் மாரடைப்புதான். மரத்தடியில் இருந்த அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

"யாரோ என்னமோ பண்ணியிருக்காங்க மேடம். நல்லாத்தானே போனாரு? நல்லா விசாரிங்க" என்று அழுதுகொண்டே என் கையைப் பிடித்து உலுக்கினாள்.

கூட இருந்த காவலர்களுக்குப் பொறுமையில்லை. என்னால் அவளை விட்டு நகர முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நானும் தேடுனேம்மா. என் கூட்டாளி இப்படித்தான் போனா. யார் மேலயாவது கோவப்பட முடியுமான்னு நானும் தேடிப் பாத்தேன். யாருமே இல்ல."

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "அவங்க பேரு என்னக்கா?" என்று கேட்டாள்.

சொன்னேன். நீ போனபிறகு உன் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது இன்றுதான்.