பன்னிரண்டு கையெழுத்தும் என்னுடையவை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம், நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமா என்று எழுது, சுகமில்லை என்றாலும் மறைக்காமல் எழுது. கால் வீக்கம் வடிந்ததா? இதைப் போனில் சொல்லலாம் என்றுதான் பார்த்தேன், பாதியில் அழுதுவிடுவேன், நீயும் பயந்துவிடுவாய், அதனால் கடிதம்.

பிரசவத்துக்கு வந்து மூன்று வாரம் இருப்பேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, அதில் சிக்கல் வந்துவிட்டது, வரவழைத்தவளும் நான்தான். எங்கள் சலவை ஆலையில் ஈரக் கை பட்டு வருகைப் பதிவேடு ஊறிப்போகிறது என்று, இஸ்திரிப் பிரிவின் மற்றப் பதினொரு பேருக்கும் சேர்த்து நானே காலையில் கையெழுத்துப் போட்டுவிடுவது வழக்கம், உனக்கே தெரியும். போன திங்கட்கிழமை பதிவேட்டுக்குள் இன்னொரு தாளும் இருந்திருக்கிறது. படித்துப் பார்க்காமல் அதிலும் வரிசையாகப் பன்னிரண்டு கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போய்விட்டேன். மத்தியானம் பலகையில் ஒட்டுகிறார்கள், வருட விடுமுறை இருபத்துநான்கு நாளிலிருந்து பதினான்கு நாளாகக் குறைகிறதாம், இஸ்திரிப் பிரிவு முழுக்கச் சம்மதமாம்.

மறுநாளே தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர், வேலைக்குச் சேரும்போது எழுதிக் குடுத்த லீவை அவங்க இஷ்டத்துக்குக் குறைக்க முடியாதும்மா, ஒருத்தர் கையெழுத்தை இன்னொருத்தர் போட்டா அது சம்மதமும் ஆகாது, ஆனா பேசாம வேலைக்குப் போய்க்கிட்டே இருந்தா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும், சீக்கிரம் எழுதிக் குடுங்க என்றார். எழுதினால் நான் போட்டதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குள் மேலாளருக்கு எப்படியோ மூக்கில் வேர்த்துவிட்டது. கூப்பிட்டு, உங்களுக்கு மட்டும் பழைய லீவு, மகளைப் பார்த்துட்டு வாங்க, இதைக் கிளறாதீங்க என்றார். உன்னிடம் மறைக்க மாட்டேன், சரி என்ற சொல் வாய் வரை வந்துவிட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்து இரண்டு நாள் எழுதிக் கொடுக்காமல் தள்ளிப்போட்டேன்.

எங்கள் பிரிவில் கண்ணாடிக்காரி என்று ஒருத்தியைச் சொல்வேனே, வீட்டுக்காரரை மாதம் இருமுறை சிகிச்சைக்கு அழைத்துப் போகிறவள், அவளுக்கு இந்தப் பத்து நாள் போனால் வேலையே போன மாதிரி. அவள் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நீங்க போட்டிருக்கீங்கன்னா யோசிக்காமலா போட்டிருப்பீங்க அக்கா என்றாள். திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

இன்று மேலாளரிடமே எழுதிக் கொடுத்துவிட்டேன், பன்னிரண்டும் என் கைப்படப் போட்டவை, மற்ற யாரையும் கேட்கவில்லை, விடுமுறைக் குறைப்புக்கு எங்களில் ஒருவருக்கும் சம்மதம் இல்லை என்று. கீழே பதினொரு பேரும் அவரவர் கையாலேயே போட்டார்கள், அதற்கே முக்கால் மணி ஆயிற்று. மேலாளர் என் முகத்தைப் பார்க்காமல், விசாரணை முடியும் வரை உங்க லீவு விண்ணப்பம் நிறுத்திவைக்கப்படும் என்றார். விசாரணை எப்போது என்று சொல்லவில்லை. உன் தேதிக்கு இன்னும் பத்தொன்பது நாள்தான் இருக்கிறது. அப்பாவை அனுப்புகிறேன், அவருக்கு வெந்நீர் வைக்கவும் அழவும் நன்றாகத் தெரியும்.

உன் அலுவலகத்தில் பிரசவ விடுமுறைக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு, நகல் வாங்காமல் எழுந்து வராதே. தாயும் பிள்ளையும் நல்லபடியாக இரண்டு உயிராகப் பிரிந்து நீடூழி வாழ வேண்டும். என்மேல் கோபப்படு, பரவாயில்லை. வலி எடுக்கும்போது மட்டும் அம்மா என்று கத்தாமல் இருந்துவிடாதே, நான் அங்கே இல்லாவிட்டாலும் கத்து.

உன் அம்மா