எட்டு மணித் தொடர்

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம். முட்டி வலி குறைந்ததா? அங்கே லகாட்டில் மழையா? லண்டனில் நான் நலம். குளிர் என்னைவிட நலம்.

போன வாரம் அலுவலகத்தில் ஒரு வேடிக்கை. நீங்கள் பார்க்கும் தமிழ்ச் சேனலுக்கு இங்கிருந்துதான் நிகழ்ச்சி நேரம் குறிக்கிறோம். ஓர் ஆய்வின்படி, தனியாக வாழும், அறுபதைக் கடந்த பெண்கள் ஒன்பது மணிக்குத்தான் நன்றாக அழுவார்களாம். எட்டு மணித் தொடரை ஒன்பதுக்குத் தள்ளிப்போடச் சொன்னார் மேலாளர் கலாதேவி, நம் ஊர்ப் பக்கத்துச் சிலிபின்காரர்தான். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வீட்டு ஒரே டிவி முன்னால் லயத்துக் குடும்பங்கள் எல்லாமே உட்கார்ந்து அழுததை நினைத்துக்கொண்டேன். அன்று நம்மை யாரும் வயதுவாரியாகப் பிரிக்கவில்லை.

"எங்கம்மா ஒன்பதுக்குத் தூங்கிருவாங்கக்கா."

"உங்கம்மா ஒரு ஆளுதான்லா தம்பி. ஆய்வுல ஆயிரம் பேரு இருக்காங்க."

"அத்தன பேரும் தூக்கத்துலயா பதில் சொன்னாங்க?"

சிரித்துவிட்டு, எட்டு மணிக்கே விட்டுவிட்டார்.

நீங்கள் பதினொன்று வரை விழித்திருப்பது எனக்குத் தெரியும். யாராவது கேட்டால் சொல்லிவிடாதீர்கள். உங்கள் எட்டு மணி இங்கே பகல் பன்னிரண்டு. அலுவலகத் திரையில் அதே தொடரைப் போட்டுக்கொண்டுதான் தினமும் சாப்பிடுகிறேன். ஒன்பது என்றால் என் சாப்பாட்டு நேரம் முடிந்துவிடும். அதனால் கதை எவ்வளவு மோசமானாலும் சேனலை மாற்றாதீர்கள்.

கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

சுரேன்